முப்பதாவது வருஷத்து வாடகை எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த வருமானக்காரர்களுக்காக நகரங்கள் கட்டும் வீடுகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறவள் நான். ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் மற்றவர்கள் படிக்கிற மாதிரி என்னால் அவற்றைப் படிக்க முடிவதில்லை. எத்தனை வீடு, மொத்தம் எவ்வளவு தொகை, எப்போது முடியும்: இந்த மூன்றும் தவறாமல் இருக்கின்றன. திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு யார் செலவு செய்வார்கள், எந்தக் கணக்குத் தலைப்பில், எத்தனை வருஷத்துக்கு என்பதை மட்டும் எங்கும் காணோம். நிருபர்களைக் குறை சொல்லவில்லை. பெரும்பாலும் திட்ட அறிக்கையிலேயே அது இருக்காது.

வீடு கட்டப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த கதைதான். மேலே இருக்கும் அரசு மானியம் தரும். நகரம் கடன் வாங்கும் அல்லது கடன் பத்திரம் வெளியிடும். பயனாளி ஒரு பங்கு கட்டுவார். சில ஊர்களில், பெரிய குடியிருப்பு கட்டும் தனியார் நிறுவனங்கள் அதில் இத்தனை சதவீதம் வீடுகளைக் குறைந்த விலைக்கோ வாடகைக்கோ தரவேண்டும் என்று சட்டம் இருக்கும். இவை எல்லாம் காகிதத்தில் தெரியும். தெரியாமல் போவது நிலம். நகரத்துக்குச் சொந்தமான நிலத்தில் கட்டினால் நிலத்தின் விலை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிடுவார்கள். ஊருக்கு வெளியே பொட்டல் நிலத்தில் கட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு எண். ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு அருமையாகக் குறைந்துவிடும். அப்புறம் அந்த இடத்துக்குக் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், பேருந்து, பள்ளிக்கூடம் என்று வரிசையாகச் செலவு வரும். அது வேறு துறையின் கணக்கில், வேறு வருஷத்தில் எழுதப்படும். வேலைக்குப் போய்வர இரண்டு பேருந்து மாறுகிறவரின் டிக்கெட் காசும் நேரமும் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆனால் திட்டம் சிக்கனமானது என்று பெயர் வாங்கிவிடும்.

சரி, நான் சொல்ல வந்தது அதைவிட மெதுவாக நடக்கும் ஒரு கேடு. அரசாங்கக் கணக்கில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டு உண்டு. கட்டுவதற்கான பணம் முதல் கணக்கில் வரும். அதற்கு மானியம் கிடைக்கும், கடன் கிடைக்கும், அடிக்கல் நாட்ட ஆளும் கிடைப்பார்கள். லிஃப்ட் மோட்டார் எரிந்துபோனால், மொட்டைமாடி ஒழுகினால், கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் அந்தப் பணம் இரண்டாவது கணக்கிலிருந்து வரவேண்டும். அதற்கு வாடகையைத் தவிர வேறு வழி வைத்திருக்க மாட்டார்கள். வாடகையோ குறைவாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் திட்டமே. அங்கேயே முடிச்சு விழுந்துவிடுகிறது.

என் மேஜைக்கு வந்த ஃபைல்களில் இப்படி ஒன்று. ஒரு குடியிருப்பின் லிஃப்டைப் பழுதுபார்க்க மதிப்பீடு போட்டு அனுப்பியிருந்தார்கள். கட்டியவர்கள், ஒப்படைத்துவிட்டோம், இனி எங்கள் வேலை இல்லை என்று குறிப்பு எழுதினார்கள். ஏற்றுக்கொண்டவர்கள், எங்களுக்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்று எழுதினார்கள். குடியிருப்போர் சங்கம் வசூல் செய்து பார்த்துக்கொள்ளலாமே என்று மூன்றாவதாக ஒரு கருத்து வந்தது. மூன்று குறிப்பும் விதிப்படி சரியானவை. அதுதான் வேடிக்கை. யாரும் திருடவில்லை, யாரும் விதியை மீறவில்லை, லிஃப்ட் மட்டும் ஓடவில்லை. மேல் தளங்களில் இருந்த வயதானவர்கள் கீழே இறங்குவதையே நிறுத்திக்கொண்டார்கள் என்று மதிப்பீட்டைக் கொண்டுவந்த இளநிலைப் பொறியாளர் சொன்னார். அதை எழுத ஃபைலில் இடமில்லை.

இந்த விவகாரத்தில் உலகமே மேற்கோள் காட்டும் தோல்வி ஒன்று உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களின் நடுவில் கட்டி முடித்த ப்ரூயிட்-ஐகோ. தலா 11 மாடியில் 33 கட்டடங்கள், 2,870 வீடுகள். 1972-இல் இடிக்க ஆரம்பித்து 1976-க்குள் மொத்தத்தையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள். கட்டடக் கலையின் தோல்வி என்று ஒரு கூட்டம் எழுதியது, அங்கே குடியிருந்தவர்களின் குணம் என்று இன்னொரு கூட்டம் எழுதியது. எனக்கு அது முதலிலிருந்து கடைசிவரை ஒரு கணக்குப் புத்தகமாகத்தான் தெரிகிறது. 1937-இல் வந்த அமெரிக்க வீட்டுவசதிச் சட்டம் கட்டுமானக் கடனின் அசலையும் வட்டியையும் மத்திய அரசு ஏற்கும் என்றது. அன்றாடச் செலவையும் பராமரிப்பையும் உள்ளூர் வீட்டுவசதி அமைப்பு வாடகையிலிருந்து பார்த்துக்கொள்ளவேண்டும். குடியிருப்பவர்களிடம் நிலையான வேலை இருந்தவரை இது ஓடியது. நகரத்திலிருந்து வேலைகளும் ஆட்களும் வெளியேறியபோது, கொஞ்சம் வசதி உள்ளவர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். மிக ஏழைகள் மிஞ்சினார்கள், காலி வீடுகள் மிஞ்சின. வாடகை வரவு குறைந்தது, அதனால் பழுதுபார்ப்பு குறைந்தது, அதனால் இன்னும் சிலர் போனார்கள். போதாததற்கு, பணத்தை மிச்சம் பிடிக்க லிஃப்ட்களை எல்லா மாடியிலும் நிற்காதபடி அமைத்திருந்தார்கள். 1, 4, 7, 10 மாடிகளில் மட்டும் நிற்கும். 1969-இல் வாடகை தரமாட்டோம் என்று குடியிருப்பவர்களே போராட்டத்தில் இறங்கினார்கள்.

அதே 1969-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பொதுக் குடியிருப்பில் வாடகை, குடும்ப வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் அடங்கினால்தான் கட்டுப்படியாகும் வீடு என்று இன்று பல நாட்டு அறிக்கைகளில் வரும் அளவு இந்த வழியில் பிரபலமானதுதான். உச்சவரம்பு நியாயமானது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வரம்புக்கும் உண்மைச் செலவுக்கும் இடையே உள்ள பள்ளத்தை யாராவது நிரப்பியாகவேண்டும். நிரப்ப வந்த பணம் தாமதமாக வந்தது, குறைவாகவும் வந்தது.

எல்லா மாடியிலும் நிற்காத லிஃப்ட் சிங்கப்பூரிலும் இருந்தது. 1960-இல் தொடங்கிய அதன் வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் கட்டிய பழைய அடுக்குகளில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். சிக்கனம்தான் காரணம். அங்கே 2001-இல் லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கி, முடிந்த இடங்களில் எல்லாம் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்படி மாற்றினார்கள். செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்றது, குடியிருப்பவர்கள் சிறு பங்கு கொடுத்தார்கள். ஒரே மாதிரிக் குறைபாடு. ஒரு ஊரில் கட்டடத்தையே இடித்தார்கள், இன்னொரு ஊரில் லிஃப்டை மாற்றினார்கள். சிங்கப்பூரை அப்படியே எடுத்துவைக்க முடியாது என்பதும் உண்மை. 1966-இல் வந்த நிலக் கையகப்படுத்தல் சட்டம் போன்ற கடுமையான ஒன்றையும், 1968 முதல் தொழிலாளியின் சேமநிதியை வீடு வாங்கப் பயன்படுத்த அனுமதித்த ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும். 99 வருஷக் குத்தகை முடியும்போது வீட்டின் மதிப்பு என்ன ஆகும் என்ற கவலை அங்கேயும் இருக்கிறது.

நான் வேலையில் இருந்தபோது தெரிந்திருந்தால் மேலதிகாரிகளிடம் சண்டை போட்டாவது ஃபைலில் எழுதியிருப்பேன் என்று நினைக்கவைத்த ஏற்பாடு டென்மார்க்கில் இருக்கிறது. அந்த நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு லாப நோக்கமில்லாத வீட்டுவசதிச் சங்கங்களுடையது. கட்டும்போது செலவில் 2 சதவீதம் குடியேறுகிறவர்களின் வைப்புத்தொகை. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு நகராட்சி தரும் தொடக்க முதல். மீதி முழுவதும் நீண்டகாலக் கடன். வாடகையிலிருந்து கடன் அடைகிறது. இதுவரை புதுமை இல்லை. கடன் தீர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். நம்மில் யாரைக் கேட்டாலும், கடன் தீர்ந்தால் வாடகை குறையவேண்டும் அல்லது வீடு குடியிருப்பவருக்குச் சொந்தமாகவேண்டும் என்போம். அங்கே வாடகை குறைவதில்லை. கடனுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பகுதி 1967-இல் ஏற்படுத்தப்பட்ட தேசியக் கட்டட நிதிக்குத் திரும்புகிறது. அந்த நிதியிலிருந்து பழைய குடியிருப்புகளின் பெரிய பழுதுகளைச் சரிசெய்கிறார்கள், சீரழியும் குடியிருப்புகளைத் தூக்கி நிறுத்துகிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய ஒருவரின் குடியிருப்பு, அதற்கும் முன்னால் கட்டிய இன்னொருவரின் கூரைக்குக் காசு தருகிறது.

இதில் எனக்குப் பிடித்தது அதன் சலிப்பூட்டும் தன்மை. வருஷாவருஷம் வரவு செலவுக் கூட்டத்தில் பராமரிப்புக்குப் பணம் கொடுங்கள் என்று யாரும் கெஞ்சவேண்டியதில்லை. ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயர் மாறலாம், வாடகை மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். சேர்ந்த பணத்தின் மேல் அரசுகளுக்கு ஒரு கண் இருக்கும், அது வேறு விஷயம். புது வீடு கட்டும் செலவை இந்த நிதியின் தலையில் கட்டியிருக்கிறார்கள், குடியிருப்போர் அமைப்புகள் எதிர்த்தும் இருக்கின்றன. ஆனால் கைவைக்கவும் ஒரு பானையில் பணம் இருக்கவேண்டும் அல்லவா? எங்கள் பிரிவில் பானையே கிடையாது.

வியன்னாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை யாரும் முடிப்பதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போருக்குப் பிறகு நகரத்தின் நிதிப் பொறுப்பில் இருந்தவர் ஹூகோ பிரைட்னர். 1923-இல் வீட்டு வரி ஒன்று போட்டார். சின்ன வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு ஏகத்துக்கும் ஏறும் வரி. அந்தப் பணத்தில் 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளை நகரம் கட்டியது. எல்லோரும் புகழ்வது அந்த எண்ணிக்கையை. கணக்குப் பிரிவுக்காரிக்குக் கண்ணில் படுவது வேறு: கட்டுமானத்துக்குக் கடன் வாங்காமல் வரிப்பணத்தைப் போட்டதால் வாடகையில் வட்டி என்ற பாரமே இல்லை. வாடகை முழுவதும் பராமரிப்புக்கும் நிர்வாகத்துக்கும். குறைந்த வாடகையும் நல்ல பராமரிப்பும் ஒன்றாக நடந்தது இதனால்தான். இன்றும் சுமார் 2,20,000 வீடுகள் நகரத்தின் சொந்தம், அவற்றை விற்கவில்லை. ஆஸ்திரியாவில் வேலை பார்க்கிறவர் சம்பளத்தில் அரை சதவீதமும் முதலாளி அரை சதவீதமும் வீட்டுவசதிக்கென்று செலுத்தும் ஏற்பாடு இன்னும் தொடர்கிறது. ஒன்றை மறந்துவிடக்கூடாது. போர்க்கால வாடகைக் கட்டுப்பாட்டாலும் கடும் பணவீக்கத்தாலும் அப்போது அங்கே நிலம் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. நிலம் கொதிக்கும் விலையில் இருக்கும் நகரத்தில் வரியை மட்டும் போட்டால் அந்த வரியை நிலச் சொந்தக்காரர் விழுங்கிவிடுவார். வியன்னாவே இப்போது அதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. 2019 முதல், புதிதாகக் குடியிருப்புப் பகுதியாக வகை மாற்றும் பெரிய நிலங்களில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்கவேண்டும், அந்தப் பங்குக்கான நிலவிலைக்கும் உச்சவரம்பு உண்டு.

பராமரிப்பு ஒரு ஓட்டை என்றால், காலக்கெடு இன்னொரு ஓட்டை. கட்டிய வீடு எத்தனை வருஷத்துக்குக் குறைந்த வாடகையில் இருக்கும்? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மான்ட்கோமரி கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி), பெரிய குடியிருப்பு கட்டுகிறவர்கள் ஒரு பங்கைக் குறைந்த விலையில் தரவேண்டும் என்று 1970-களின் நடுவிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்த வகையில் அமெரிக்காவில் முன்னோடிகளில் ஒன்று. முதலில் விலைக் கட்டுப்பாடு ஐந்து வருஷம்தான். பிறகு பத்து. கெடு முடிய முடிய வீடுகள் சந்தை விலைக்குப் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் 2005-இல் விற்பனை வீட்டுக்கு 30 வருஷம், வாடகை வீட்டுக்கு 99 வருஷம் என்று மாற்றினார்கள். ஜெர்மனியிலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். அங்கே மானியக் கடன் தீர்ந்தால் கட்டுப்பாடும் தீர்ந்தது. 1980-களில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் இருந்த சமூக வீடுகள், அதாவது மானியத்தில் கட்டிய குறைந்த வாடகை வீடுகள், இன்று முழு நாட்டையும் சேர்த்துச் சுமார் 10 லட்சமாகத் தேய்ந்துவிட்டன. டென்மார்க்காரர்கள் கடன் தீர்ந்ததும் தொடங்குகிறார்கள், ஜெர்மனிக்காரர்கள் அங்கே முடித்துக்கொண்டார்கள்.

பிரிட்டனில் காலக்கெடு வரவே காத்திருக்கவில்லை. 1980-ஆம் வருஷச் சட்டம், நகராட்சி வீட்டில் குடியிருப்பவர் அதைப் பெரும் தள்ளுபடியில் வாங்கலாம் என்றது. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் அப்படி விற்றன. வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். குறை, விற்ற பணத்தைக் கட்டிவைத்த விதத்தில். வந்த தொகையில் பெரும்பகுதியைப் பழைய கடனுக்கு ஒதுக்கவேண்டும் என்று மத்திய அரசு கை கட்டியதால், விற்ற வீட்டுக்குப் பதில் வீடு எழும்பவில்லை. ஸ்காட்லாந்து 2016-இலும் வேல்ஸ் 2019-இலும் இந்த விற்பனையையே நிறுத்திவிட்டன.

சொந்த வீடு என்ற ஆசையை வைத்துக்கொண்டே இதைச் சமாளிக்க முடியும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள பர்லிங்டன் என்ற சின்ன நகரம் 1984-இல் 2 லட்சம் டாலர் தொடக்கப் பணம் கொடுத்து ஒரு நில அறக்கட்டளையை ஏற்படுத்தியது. நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும், வீடு குடும்பத்தினுடையது. விற்கும்போது போட்ட பணம் திரும்பும், ஏறிய மதிப்பில் கால் பங்கும் கிடைக்கும். மீதி வீட்டிலேயே தங்கி, அடுத்து வாங்குகிறவருக்கு விலையைத் தாழ்த்தி வைக்கும். அன்று அங்கே மேயராக இருந்தவர் பெர்னி சாண்டர்ஸ். அவருடைய அரசியல் யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், இந்தக் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம்.

தனியார் கட்டுநர்கள் வீடு தருவதற்குப் பதிலாகப் பணம் கட்டிவிடலாம் என்று பல ஊர்களில் விதி உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கட்டவேண்டிய தொகை ஒரு வீட்டின் உண்மைச் செலவை எட்டுவது அபூர்வம், எட்டினாலும் பொதுக் கணக்கில் விழுந்தால் அந்த மாதச் சம்பளத்தோடு கரைந்துவிடும். அப்படி வசூலிக்கிற ஊர் எதுவானாலும், பணம் பூட்டுப்போட்ட தனிக் கணக்கில் கிடக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இதை எல்லாம் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும்: மழையில் நனைகிறவனுக்கு முதலில் கூரை போடு, முப்பதாவது வருஷத்தைப் பிறகு பார்க்கலாம். இந்தப் பதிலை லேசாகத் தள்ள முடியாது. காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களை நேரில் பார்த்தவள் நான். பராமரிப்பு நிதிக்கென்று எடுத்துவைக்கும் ஒவ்வொரு தொகையும் இந்த வருஷம் கட்டாத சில வீடுகள்தான். இருந்தும் என் கட்சி இதுதான்: நூறு வீட்டுக்குப் பணம் இருந்தால் தொண்ணூறு கட்டட்டும், பத்து வீட்டின் பணத்தை அந்தத் தொண்ணூறின் பெயரில் போட்டுவைக்கட்டும். கைவிட்ட நூறு வீடுகள் பதினைந்து வருஷத்தில் வாழத் தகுதியில்லாமல் போனால், அதே குடும்பங்கள் அதே பட்டியலின் கடைசிக்குத்தான் வந்து நிற்கும். அப்போது இடிக்கும் செலவும் சேர்ந்துகொள்ளும்.

இதில் பத்திரிகை செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த தடவை ஒரு வீட்டுவசதித் திட்டத்தை அறிவிக்கும்போது, உங்கள் நிருபர் வீடுகளின் எண்ணிக்கையோடு இன்னும் சிலவற்றையும் கேட்டு வாங்கட்டும்: நிலத்தின் சந்தை மதிப்பு எவ்வளவு, வாடகையை அல்லது விலையைக் கட்டுப்படுத்தும் காலம் எத்தனை வருஷம், பராமரிப்புக்கு வருஷத்துக்கு எவ்வளவு, அது எந்தக் கணக்குத் தலைப்பில். தலைப்பு எண்ணையும் போடுங்கள். எண்ணைப் போட்டால், மூன்று வருஷம் கழித்து வரவு செலவு அறிக்கையில் அந்த வரியைத் தேடி அதில் பணம் இருக்கிறதா என்று என்னைப் போன்றவர்கள் பார்த்து உங்களுக்கு எழுத முடியும். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சிக் கணக்கர்